கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பழமைவாதியாக இருக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் குடும்பம், ஊர், பல தலைமுறைகளாக நிலைத்து வந்த நிறுவனங்கள் ஆகியவற்றை ஒரே சட்டத்தால் புரட்டிப் போடுவது ஆபத்து என்று நினைக்கிறீர்கள். சொத்துரிமையும் சட்டத்தின் ஆட்சியும் முக்கியம் என்கிறீர்கள். அமெரிக்காவைப் பார்த்தால் பழமைவாதம் என்றாலே தேவாலயமும் பைபிளுமாக இருக்கிறது. உங்களுக்கு அங்கே இடம் உண்டா? பழமைவாதி என்றால் மதச்சார்பின்மையை எதிர்த்தே ஆக வேண்டுமா? இவை இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் வேறு வேறு. முதலாவது ஒரு மனிதரின் உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கை பற்றியது. இரண்டாவது அரசுக்கும் மத நிறுவனத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் பற்றியது. அரசியல் சிந்தனை வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்தி வருகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் எங்கும் போய்ச் சேராமல் நிற்கிறது. முதல் கேள்விக்கு என் பதில்: முடியும், பலர் அப்படி இருந்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு: எதிர்க்க வேண்டியதில்லை. நம்பிக்கை உள்ள பழமைவாதிக்குத்தான் மதச்சார்பற்ற அரசு அதிகம் தேவைப்படுகிறது என்பேன்.

பழமைவாதச் சிந்தனைக்கு மூலவராகச் சொல்லப்படும் 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கிடமிருந்து தொடங்குவோம். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790-இல் அவர் எழுதியதில், மனிதன் இயல்பிலேயே மத உணர்வு கொண்டவன், சமூகம் நிற்கும் அடித்தளமே மதம்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். 1789 நவம்பரில் பிரான்சின் தேசிய சட்டமன்றம் திருச்சபையின் சொத்துகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியது அவரைக் கொதிக்க வைத்தது. இதை மட்டும் படித்தவர்கள் பர்க்கை மத ஆட்சிக்காரர் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இதே பர்க்தான் இங்கிலாந்தின் அரசு சபையான ஆங்கிலிக்கன் சபை ஆதிக்கம் செலுத்திய பிரிட்டனில் கத்தோலிக்கர்களுக்குச் சட்டச் சலுகை தர வேண்டும் என்று வாதாடியவர். 1780-இல் பிரிஸ்டல் தொகுதியை அவர் இழந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1781-இல் மராத்தியத் தலைவர் ரகுநாத ராவ் அனுப்பிய பிராமணத் தூதர் லண்டனில் தங்க இடமில்லாமல் திண்டாடியபோது, அவரைப் பீக்கன்ஸ்ஃபீல்டில் இருந்த தன் பண்ணை வீட்டுக்கு அழைத்துப்போனார் பர்க். அங்கே செடி வளர்க்கும் பெரிய கண்ணாடிக் கூடம் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார். வந்தவர்கள் தங்கள் ஆசாரப்படி தாங்களே சமைத்துச் சாப்பிடவும் பூஜை செய்யவும் அந்த இடம் பயன்பட்டது. சில ஆண்டுகள் கழித்து வங்காள கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான கண்டன விசாரணையில், இந்தியர்களின் மதத்தையும் வழக்கத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி மதிக்கவில்லை என்று அவர் வாதாடியதற்கும் இந்த மனப்பான்மைக்கும் தொடர்பு உண்டு. பர்க் காத்து நின்றது ஒரு குறிப்பிட்ட இறையியலை மட்டும் அல்ல. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வளர்த்ததை, வலிமை உள்ளவன் நினைத்த மாத்திரத்தில் இடித்துப்போடக் கூடாது என்பதையும் சேர்த்தே அவர் காத்தார். அதற்காக அவர் எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலை வைத்திருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலிக்கன் சபையைச் சேராத புராட்டஸ்டன்டுகளுக்கு 1773-இல் ஆதரவாகப் பேசியவர், 1790-இல் அவர்கள் அரசுப் பதவி வகிப்பதற்கு இருந்த தடையை நீக்குவதை எதிர்த்தார். புரட்சியைக் கண்ட அச்சம் அது.

பர்க்குக்கு முன்னாலேயே ஸ்காட்லாந்தில் தத்துவஞானி டேவிட் ஹியூம் இருந்தார். மதத்தைச் சந்தேகித்தவர், அதனாலேயே 1745-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போனவர். ஆனால் பழக்கம், வழக்கம், படிப்படியாக வளர்ந்த சட்டம் இவற்றின் மதிப்பை அவர் அளவுக்குச் சொன்னவர்கள் குறைவு. 20-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி மைக்கேல் ஓக்‌ஷாட் இன்னும் ஒரு படி மேலே போனார். அரசியலில் பழமைவாதியாக இருப்பதற்கும் இறை ஒழுங்கு, இயற்கைச் சட்டம், மதம் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். தெரியாததைவிடத் தெரிந்ததை விரும்பும் மனநிலையும், ஆள்வது என்பது வரம்புக்குட்பட்ட வேலை என்ற எண்ணமும் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. உங்கள் நிலைப்பாட்டுக்கு மிக நெருங்கிய முன்னோடி இவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். உங்கள் சந்தேகமே அங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்கப் பழமைவாதம் தொடக்கம் முதலே ஒரே குரலாக இருந்ததில்லை. 1950-களில் இரண்டு கூட்டத்தார் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். ரஸ்ஸல் கிர்க் போன்றவர்களுக்கு, மனிதனுக்கு மேலே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பழமைவாதத்தின் முதல் விதி. அது போனால் மிச்சமும் போய்விடும். மறுபக்கம் சுதந்திரச் சந்தைக்காரர்கள். அவர்களுக்கு அரசு சுருங்கினால் போதும், கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டப் பாடுபட்டவர் ஃபிராங்க் மேயர். நல்லொழுக்கம் வேண்டும், ஆனால் கட்டாயப்படுத்தி வரவழைத்தால் அது ஒழுக்கமே ஆகாது என்பது அவர் வாதம். 1955-இல் வில்லியம் பக்லி தொடங்கிய நேஷனல் ரிவ்யூ பத்திரிகைதான் இந்தக் கூட்டணியின் களம். அதன் தொடக்ககால ஆசிரியர் குழுப் பட்டியலில் மேக்ஸ் ஈஸ்ட்மன் என்ற பெயர் உண்டு. கம்யூனிசத்திலிருந்து விலகி வந்தவர், உறுதியான நாத்திகர். பத்திரிகையின் கிறிஸ்தவ வாடை தாங்க முடியவில்லை என்று பிறகு விலகிக்கொண்டார்.

அந்த விலகல் பக்லியை யோசிக்க வைத்தது. அவர் தீவிரக் கத்தோலிக்கர். 1960-களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறார். கடவுளை நம்பும் ஒருவர் பழமைவாதியாக இருக்க முடியுமா? சந்தேகமில்லாமல் முடியும். நம்பாதவர்? அதேபோல முடியும், நடைமுறையில் கண் முன்னால் இருக்கிறார்கள். கடவுளை வெறுத்து, நம்புகிறவர்களை ஏளனமாகப் பார்ப்பவர்? முடியாது என்பேன் என்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூன்றாவது கேள்வி வெறும் மரியாதை சம்பந்தப்பட்டதும் இல்லை. சந்தையைப் போற்றிய நாத்திக நாவலாசிரியர் அய்ன் ரேண்டைக் கூட்டணியிலிருந்து வெளியே நிறுத்திய கோடும் அதுதான். 1957-இல் அதே பத்திரிகையில் விட்டேகர் சேம்பர்ஸ் அவருடைய நாவலைக் கிழித்து மதிப்புரை எழுதினார். அவர் கண்ட குறை நாத்திகம் மட்டும் அல்ல. பிறர் வாழ்க்கையைத் துச்சமாக மதிக்கும் அகந்தையைத்தான் சேம்பர்ஸ் அதில் முதன்மையாகக் கண்டார். தன் அறிவுக்கு எட்டாததை எல்லாம் மூடத்தனம் என்று தள்ளுகிறவர், சந்தையை எவ்வளவு ஆதரித்தாலும் பழமைவாதியின் அடிப்படைப் பணிவைப் பெற்றவர் அல்ல. இந்த இடத்தில் நான் பக்லியோடு முழுக்க உடன்படுகிறேன்.

இன்று நீங்கள் பார்க்கும் தேவாலயப் பழமைவாதம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. அதன் வரலாற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. 1962-இல், நியூயார்க் மாநில அதிகாரிகள் எழுதிக் கொடுத்த 22 சொல் ஜெபத்தை அரசுப் பள்ளிகளில் சொல்ல வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பள்ளிகளில் பக்தி வழிபாடாகப் பைபிள் வாசிப்பதும் நிறுத்தப்பட்டது. 1973-இல் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய தீர்ப்பு வந்தது. 1979-இல் ஜெரி ஃபால்வெல் என்ற போதகர் ‘மாரல் மெஜாரிட்டி’ (ஒழுக்கப் பெரும்பான்மை) என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். 1980 ஆகஸ்டில் டல்லஸ் நகரில் கூடியிருந்த போதகர்களிடம் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ரீகன், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அந்தத் தேர்தலில் எதிரே நின்ற ஜிம்மி கார்ட்டர், ஞாயிறு பள்ளியில் பைபிள் வகுப்பு எடுத்த பாப்டிஸ்ட், அதாவது ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர். ரீகனோ விவாகரத்தானவர், ஹாலிவுட்காரர், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவரும் அல்ல. இருந்தும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி ரீகன் பக்கம் போனது. வேட்பாளரின் பக்தியைவிட, தங்கள் பக்கம் நிற்கிறாரா என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இந்தத் திருப்பம் எதனால் வந்தது என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கருக்கலைப்புத் தீர்ப்புதான் காரணம் என்பது பரவலான விளக்கம். அதற்கு ஓர் இடையூறு இருக்கிறது. 1971-இல், அதாவது தீர்ப்புக்கு முன்னாலேயே, தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. ராண்டல் பால்மர் என்ற வரலாற்றாசிரியர், உண்மையான காரணம் வரி என்கிறார். நிறப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை 1970-களில் அரசு பறிக்கத் தொடங்கியதுதான் போதகர்களைத் தெருவுக்கு இழுத்தது என்பது அவர் வாதம். அப்படி வரிவிலக்கை இழந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வழக்கு 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் 8-க்கு 1 என்று அரசுக்குச் சாதகமாக முடிந்தது. பால்மர் சொல்வது தலைவர்களுக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அவர்கள் பின்னால் போன லட்சக்கணக்கான சாதாரண மக்களை நிறவெறியாலோ வரியாலோ மட்டும் விளக்க முடியாது. பிள்ளை படிக்கும் பள்ளி, வீட்டுத் தொலைக்காட்சி, மாறிவிட்ட குடும்ப ஒழுக்கம் இவை அவர்களுக்கு உண்மையாகவே வலித்தன. இது என் மதிப்பீடு, நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த அலைக்கு எதிராகப் பழமைவாதிகளுக்குள்ளேயே எழுந்த முக்கியமான குரல் பேரி கோல்ட்வாட்டருடையது. 1964-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர், அந்தக் கட்சியை வலப்பக்கம் திருப்பிய ஆள். 1981-இல் அவருடைய அரிசோனாவைச் சேர்ந்த சாண்ட்ரா டே ஓ’கானரை ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். கருக்கலைப்பு விஷயத்தில் நம்ப முடியாதவர் என்று ஃபால்வெல் எதிர்த்தார். ஒவ்வொரு நல்ல கிறிஸ்தவரும் ஃபால்வெல்லைப் பின்புறத்தில் உதைக்க வேண்டும் என்று கோல்ட்வாட்டர் வெடித்தார். அந்தச் செப்டம்பரில் செனட்டிலும் பேசினார். நான் ஒழுக்கமானவனாக இருக்க ஏ, பி, சி, டி-யை எல்லாம் நம்ப வேண்டும் என்று சொல்ல இந்த அரசியல் போதகர்கள் யார் என்று கேட்டார். அவர் நாத்திகர் அல்ல, எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தவர். அவர் கவலை வேறு. அரசியல் என்பது விட்டுக்கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. கடவுளின் பெயரால் பேசுகிறவரால் விட்டுக்கொடுக்க முடியாது. கூட்டாளிகளாகவே இருந்தாலும் அவர்களோடு ஒரு நாடாளுமன்றத்தை நடத்த முடியாது.

இங்கிருந்து உங்கள் இரண்டாவது கேள்வி. அமெரிக்காவில் தேவாலயத்தையும் அரசையும் பிரித்ததில் மதத்தை விரும்பாதவர்களின் பங்கு மட்டும்தான் இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்காகக் கூப்பாடு போட்டவர்களில் முன்வரிசை பாப்டிஸ்டுகளுக்கு. கனெக்டிகட் மாநிலத்தில் 1818 வரை காங்கிரிகேஷனல் சபைதான் அரசு சபை, அதற்கு வரியும் உண்டு. பாப்டிஸ்ட் ஒருவர் அந்த வரியிலிருந்து தப்ப வேண்டும் என்றால், தான் வேறு சபையைச் சேர்ந்தவர் என்று சான்றிதழ் எழுதி ஒப்படைக்க வேண்டும். கடவுளை வணங்க அதிகாரியிடம் சீட்டு வாங்குவதா என்பதுதான் அவர்களின் ஆத்திரம். அந்த மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகள் எழுதிய கடிதத்துக்கு 1802 ஜனவரி 1-இல் அனுப்பிய பதிலில்தான் அதிபர் ஜெஃபர்சன் ‘பிரிக்கும் சுவர்’ என்று எழுதினார். முப்பது ஆண்டு கழித்து அமெரிக்காவுக்குப் போன பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில், மதம் இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே என்று வியந்து கத்தோலிக்கப் பாதிரிகளையே விசாரித்தார். அரசோடு ஒட்டாததுதான் காரணம் என்றார்கள். பிரான்சில் மன்னரோடு கைகோத்து நின்ற திருச்சபை மன்னரோடு சேர்ந்து வெறுப்பைச் சம்பாதித்ததைப் பார்த்து வந்தவருக்கு அது சட்டென்று புரிந்தது.

இன்றைய நிலைமையும் அதை நினைவூட்டுகிறது. எந்த மதமும் இல்லை என்று சொல்லும் அமெரிக்கர்கள் 1990-களின் தொடக்கத்தில் சுமார் 7 சதவீதம். பத்தே ஆண்டில் அது இரட்டிப்பானது. இப்போது பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி பத்தில் மூன்று பேருக்கு நெருக்கம். எண்களில் சந்தேகமில்லை. காரணம் என்ன என்பதுதான் சர்ச்சை. மதம் ஒரு கட்சியின் அடையாளமாக மாறியதால், அந்தக் கட்சியைப் பிடிக்காதவர்கள் மதத்தையும் கைவிட்டார்கள் என்று மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002-இல் எழுதினார்கள். திருமண வயது தள்ளிப்போனது, பனிப்போர் முடிந்தது என்று வேறு காரணங்களைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதல் விளக்கத்தில் கணிசமான உண்மை இருப்பதாகப் படுகிறது. அது சரியென்றால், தேவாலயத்தைக் காக்கப் புறப்பட்ட அரசியலே அதைக் காலி செய்வதில் பங்கெடுத்திருக்கிறது.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு, உங்களைப் போல நம்பிக்கை இல்லாதவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. மதம் உண்மையா என்று கவலைப்படாமல், அது பயன்படுகிறது என்பதற்காக மட்டும் தூக்கிப் பிடிப்பது. பிரான்சின் தீவிர தேசியவாத எழுத்தாளர் ஷார்ல் மோராஸ் இதன் முழு வடிவம். தனக்கு நம்பிக்கை இல்லாமலே கத்தோலிக்கத்தைப் பிரான்சின் ஒழுங்குக்கான தூணாகப் போற்றினார், யூதர்கள் மீது வெறுப்பை வளர்த்தார். அவருடைய ‘அக்ஸியோன் ஃப்ரான்ஸேஸ்’ இயக்கத்தில் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள் ஏராளம். இருந்தும் 1926-இல் போப் பதினோராம் பயஸ் அந்த இயக்கத்தைக் கண்டித்துத் தடைவிதித்தார். விசுவாசத்தை அரசியலுக்கு வேலைக்காரியாக்குகிறார்கள் என்பது திருச்சபையின் குறை. தடை 1939-இல் நீங்கினாலும், மோராஸ் பின்னர் இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனிக்கு இணங்கிய பிரான்சின் விஷி அரசை ஆதரித்து, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார். சின்ன அளவில் இதே கதை 2018-இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நடந்தது. மாநில முதல்வர் மார்க்குஸ் சோடர், அரசு அலுவலகங்களின் நுழைவாயிலில் சிலுவை மாட்ட உத்தரவிட்டார். அது பவேரியாவின் பண்பாட்டு அடையாளம் என்றார். கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ம்யூனிக் பேராயர் கார்டினல் மார்க்ஸ். சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவருக்குச் சிலுவை புரியவில்லை, அரசு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்றார். 2023-இல் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. அது சட்டரீதியாகச் சரியாகவே இருக்கட்டும், பேராயர் சொன்னதுக்குப் பதில் ஆகவில்லை.

நம் ஊர் உதாரணம் கேட்டால் ராஜாஜியைச் சொல்வேன். ராமாயணமும் மகாபாரதமும் எழுதிய பக்திமான். 1959-இல் அவர் முன்னின்று தொடங்கிய சுதந்திரா கட்சி, இந்தியாவில் பழமைவாதம் என்று சொல்லத்தக்க கட்சிகளில் முதலாவதாக வைக்கத்தக்கது. அதன் கொள்கைகள் சொத்து, விவசாயி, தொழில் உரிமம், அரசின் வரம்பு பற்றியவை. கோயிலை வைத்து ஓட்டுக் கேட்ட கட்சி அல்ல அது. மினூ மசானி என்ற பார்சி அதன் தூண்களில் ஒருவர். 1967-இல் மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. அதே தேர்தலில் சென்னை மாநிலத்தில் அதன் கூட்டாளி, பகுத்தறிவு மரபில் வந்த திமுக. ராஜாஜியின் முறையை, அவர் சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்தபோது வந்த 1939 ஆலயப் பிரவேசச் சட்டத்தில் பார்க்கலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அந்த ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்ததை ஒட்டி வந்தது அது. கோயிலைத் திறந்தே ஆக வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. திறக்க முன்வரும் அறங்காவலர்களுக்கு அனுமதியும் பாதுகாப்பும் கொடுத்தது. நம்பிக்கை உள்ளவர்களை வைத்தே மாற்றத்தை நடத்துவது என்பது அதன் உள்ளர்த்தம். அந்த நிதானத்தின் விலையை வாசலில் காத்து நின்றவர்கள்தான் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டாயமாகத் திறக்க வைக்கும் சட்டத்துக்கு 1947 வரை ஆனது. பழமைவாதத்தை விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ராஜாஜிக்கு நேர் எதிரே இந்துத்துவச் சிந்தனையாளர் சாவர்க்கரை வையுங்கள். சடங்கில் நம்பிக்கை இல்லாதவர், பசு பயனுள்ள விலங்கு, தெய்வமல்ல என்று எழுதியவர், தன் உடலை மின்மயானத்தில் எரிக்கச் சொன்னவர். அவர்தான் 1923-இல் யார் இந்து என்பதைத் தந்தை நாடு, புண்ணிய பூமி என்ற இரண்டால் வரையறுத்தார். அவரை நான் பழமைவாதி என்று சொல்ல மாட்டேன். மரபைக் காப்பதைவிட ஒரு தேசத்தைப் புதிதாக வார்ப்பதே அவர் நோக்கம். இதை ஏற்காத அறிஞர்கள் உண்டு. ஆனால் பக்தர் மதச்சார்பற்ற கட்சி நடத்தினார், பக்தி இல்லாதவர் மதத்தை அரசியலின் எல்லைக்கோடாக்கினார் என்ற உண்மையை யாரும் மறுக்க முடியாது. ஒருவரின் பக்தியை வைத்து அவருடைய அரசியலைக் கணிக்க முடியாது என்று வகுப்பில் சொல்லும்போது இந்த இருவரைத்தான் காட்டுவேன்.

இனி உங்களுக்கென்று இருக்கும் உண்மையான சிக்கல். நம்பிக்கை இல்லாமல் மரபை மதிப்பவர், மற்றவர்களுடைய நம்பிக்கை விளைவித்ததை அனுபவிக்கிறார். தர்மம் செய்பவர், முதியவரைப் பார்த்துக்கொள்பவர், ஊர்த் திருவிழாவைத் தூக்கிச் சுமப்பவர் என்று பலரும் அது புண்ணியம் என்று நம்பித்தான் செய்கிறார்கள், சமூகத்துக்குப் பயன் என்று கணக்குப் போட்டு அல்ல. எல்லோரும் உங்களைப் போல ஆகிவிட்டால் இதெல்லாம் தொடருமா? தொடராது என்பது கிர்க்கின் பதில். டென்மார்க்கைக் காட்டி அவரை மறுக்கலாம். அங்கே மக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் தேசியத் திருச்சபையின் உறுப்பினர்கள், ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிறவர்களோ மிகச் சிலர். இருந்தும் ஒருவரை ஒருவர் நம்பும் சமூகமாகவே அது இருக்கிறது. ஆனால் அங்கே நம்பிக்கை தளர்ந்து சில தலைமுறைகள்தான் ஆகின்றன. பழைய சேமிப்பைச் செலவழிக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று கிர்க் தரப்பினர் சொன்னால், அதைத் தவறென்று காட்டும் ஆதாரம் இதுவரை யாரிடமும் இல்லை.